ஆங்கிலத்தில் நவுனை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி இது: "ஒரு சொல்லைப் பார்த்ததும் அது நவுனா, வெர்பா, அட்ஜெக்டிவா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. 'ஸ்விம்மிங்' ஒரு வாக்கியத்தில் நவுன் என்கிறார்கள், இன்னொன்றில் வெர்ப் என்கிறார்கள். 'ஹாப்பி' என்றால் மகிழ்ச்சி. மகிழ்ச்சி பெயர்ச்சொல்தானே, அதை நவுன் என்று எழுதினால் ஏன் தப்பு? சுலபமான வழி ஏதாவது உண்டா?"

உங்கள் முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. 'ஒரு சொல்லைப் பார்த்ததும்' என்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் பல நேரம் பிடிபடாது. 'வாட்டர்' நவுனா என்று என்னைக் கேட்டால், எந்த வாக்கியத்தில் என்றுதான் திருப்பிக் கேட்பேன். 'ஐ ட்ரேங்க் வாட்டர்' என்றால் நவுன். 'வாட்டர் த ப்ளான்ட்ஸ்' என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று பொருள். அங்கே அது வெர்ப். 'ரவுண்ட்' இன்னும் மோசம். 'எ ரவுண்ட் டேபிள்' என்பதில் அட்ஜெக்டிவ், 'த ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்பதில் நவுன், 'த கார் ரவுண்டட் த கார்னர்' என்பதில் வெர்ப், 'ரவுண்ட் த வேர்ல்ட்' என்பதில் ப்ரெபொசிஷன், 'டர்ன் ரவுண்ட்' என்பதில் அட்வெர்ப். ஒரே ஆளுக்கு ஐந்து வேடம்.

தமிழில் நாம் இப்படித் திண்டாடுவதில்லை. பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்கும், காலம் காட்டாது என்று நம் இலக்கணம் வரையறுத்து வைத்திருக்கிறது. 'மரத்தை', 'மரத்தால்', 'மரத்துக்கு' என்று வாலைப் பார்த்த உடனே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமைகள் உண்டு. அன்பு என்ற பெயர் 'லுஃபு'. அன்பு செலுத்துதல் என்ற வினை 'லுஃபியன்'. பிந்தைய நூற்றாண்டுகளில் இந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துபோக, இரண்டுமே 'லவ்' என்று ஒரே உருவத்தில் வந்து நின்றன. இன்று பெயர்ச்சொல்லிடம் மிச்சமிருப்பது பன்மைக்கு ஒரு 'எஸ்', உடைமைக்கு ஒரு 'அப்பாஸ்ட்ரஃபி எஸ்', அவ்வளவுதான். வால் போய்விட்டதால், சொல் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர் நவுன்' என்ற வரையறை 'டாக்டர்', 'டேபிள்' வரைக்கும் வண்டியை ஓட்டும். 'அரைவல்' வந்ததும் நின்றுவிடும். வருகை என்பது ஆளா, இடமா, பொருளா? செயல்தானே? செயலைக் குறித்தால் வெர்ப் என்று இன்னொரு பாடமும் மனதில் இருப்பதால், 'அரைவல்', 'டிஸ்ட்ரக்ஷன்', 'டிசிஷன்' எல்லாவற்றையும் வெர்ப் என்று அடிக்கோடிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த வரையறை அப்படி.

இப்போது உங்கள் 'ஹாப்பி'. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, அந்தத் தமிழ்ச்சொல் என்ன வகையோ அதுவே ஆங்கிலத்திலும் என்று எழுதுவது நம்மவர்கள் எல்லோரும் விழுகிற குழி. 'ஷி இஸ் ஆங்ரி' என்பதை நாம் 'அவளுக்குக் கோபம்' என்கிறோம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்பது 'எனக்குப் பயமாக இருக்கிறது'. கோபம், பயம், பசி எல்லாம் தமிழில் பெயர்கள். அவை தனியாக நின்றுகொண்டு 'எனக்கு', 'அவளுக்கு' என்று வந்து சேரும். ஆங்கிலத்தில் அதே உணர்ச்சி அட்ஜெக்டிவாக மாறி ஆள்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. இந்த வேறுபாடு உறைக்காததால்தான் 'ஐ ஆம் ஆங்கர்', 'திஸ் ப்ளேஸ் இஸ் சேஃப்டி', 'தட் ரோட் இஸ் டேஞ்சர்' போன்ற வாக்கியங்கள் வருகின்றன. எழுதியவருக்கு இலக்கணம் தெரியாது என்பதில்லை. அவர் தமிழில் சரியாக யோசித்திருக்கிறார்.

இதற்கு ஒரு உரைகல் உண்டு. சந்தேகமான சொல்லுக்கு முன்னால் ஒருமுறை 'வெரி' போட்டுப் பாருங்கள், ஒருமுறை 'மை' போட்டுப் பாருங்கள். 'வெரி ஹாப்பி' நிற்கிறது, 'மை ஹாப்பி' விழுகிறது: அட்ஜெக்டிவ். 'வெரி ஹாப்பினஸ்' விழுகிறது, 'மை ஹாப்பினஸ்' நிற்கிறது: நவுன். மகிழ்ச்சிக்கு நேரான சொல் 'ஹாப்பினஸ்'தான். 'ஹாப்பி' என்பது 'மகிழ்ச்சியான'. 'ஆங்ரி', 'ஆங்கர்' இரண்டையும் நீங்களே இப்படி உரசிப் பாருங்கள்.

பொருளை விட்டுவிட்டு இடத்தை மட்டும் பார்ப்பது நான் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. சார்லஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர், பதிவு செய்யப்பட்ட தொலைபேசிப் பேச்சுகளை அடிப்படையாக வைத்து 1952-இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அவர் வைத்த வாக்கியச் சட்டகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'த ______ வாஸ் குட்'. இந்தக் காலி இடத்தில் எது பொருந்துகிறதோ அது முதல் வகைச் சொல். 'நவுன்' என்ற பெயரைக்கூட அவர் அங்கே பயன்படுத்தவில்லை. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆராய்ச்சியாளர் செய்த சோதனை இன்னும் அழகு. குழந்தைகளிடம் பறவை போன்ற ஒரு படத்தைக் காட்டி, 'திஸ் இஸ் எ வக்' என்றார். அப்படியொரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. பிறகு இரண்டு படத்தைக் காட்டி, 'தேர் ஆர் டூ...' என்று நிறுத்தினார். மழலை மாறாத பிள்ளைகள் 'வக்ஸ்' என்று முடித்தன. பொருள் தெரியாத, அதுவரை காதில் விழாத சொல். 'எ' என்பதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது என்பதால் மட்டுமே அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு பன்மையும் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் செய்வதைத்தான் நாமும் செய்யவேண்டும்.

ஆகவே ஒரு சொல்லை நிறுத்தி விசாரிக்கும்போது: அதற்கு முன்னால் 'த', 'மை', 'திஸ்', 'நோ' வருமா? பன்மை ஆகுமா? ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் நிற்குமா? அதை எடுத்துவிட்டு 'இட்' அல்லது 'தெம்' போட்டால் வாக்கியம் நிற்குமா? எல்லாக் கேள்விக்கும் ஆம் வரவேண்டியதில்லை. 'ஃபர்னிச்சர்' முன்னால் 'எ' வராது, பின்னால் பன்மை 'எஸ்' வராது. ஆனாலும் 'த ஃபர்னிச்சர்', 'மை ஃபர்னிச்சர்' என்று தைரியமாகச் சொல்லலாம், நவுன்தான். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' எல்லாம் இதே கூட்டம். ஆட்பெயர், ஊர்ப்பெயர் பற்றிக் குழப்பமே வராது, பெரிய எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'த' வந்தால் அடுத்த சொல் நவுன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நவுன் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது அறிவிப்பு. 'த வெரி ஓல்ட் உடன் சேர்' என்பதில் நவுன் வந்து சேர நான்கு சொல் ஆகிறது. இழுத்துக்கொண்டே போய் எங்கே தொடர் முடிகிறதோ, பெரும்பாலும் அங்கே இருப்பதுதான் தலைச்சொல், அதாவது நாம் தேடும் நவுன். அப்படிப் போய் முடிவில் நவுனே இல்லாமல் நிற்கும் இடமும் உண்டு: 'த ரிச்', 'த பூர்', 'த ப்ளைண்ட்'. பணக்காரர்கள், ஏழைகள், பார்வையற்றோர் என்று கூட்டத்தையே குறிக்கும். வினை பன்மையில் வரும், ஆனால் 'த பூர்ஸ்' என்று 'எஸ்' சேர்க்க முடியாது. 'த வெரி ரிச்' என்று 'வெரி' மட்டும் இன்னும் ஒட்டுகிறது. நவுனின் நாற்காலியில் உட்கார்ந்த அட்ஜெக்டிவ், சட்டையை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி 'ஸ்விம்மிங்'. இந்த 'இங்' விவகாரத்தில் தமிழ் தெரிந்தவருக்கு உண்மையில் ஒரு வசதி இருக்கிறது; அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 'ஹி இஸ் ஸ்விம்மிங்' என்றால் 'நீந்திக்கொண்டிருக்கிறான்': வெர்ப். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்சர்சைஸ்' என்றால் 'நீந்துவது நல்ல உடற்பயிற்சி': நவுன், ஜெரண்ட் என்பார்கள். இது வரை எல்லோரும் சொல்வது. இப்போது இந்த இரண்டைப் பாருங்கள்: 'எ ஸ்லீப்பிங் சைல்ட்', 'எ ஸ்லீப்பிங் பில்'. உருவத்தில் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'தூங்குகிற குழந்தை', 'தூக்க மாத்திரை'. குழந்தை தூங்குகிறது, மாத்திரை தூங்கவில்லை, தூக்கத்துக்கான மாத்திரை. முதலாவது பெயரெச்சம் போன்றது, அதாவது பார்ட்டிசிபிள். இரண்டாவது ஜெரண்ட், அதாவது நவுன். 'ஸ்விம்மிங் பூல்' நீச்சல் குளம், குளம் நீந்தவில்லை. 'ரன்னிங் வாட்டர்' ஓடுகிற தண்ணீர், தண்ணீர்தான் ஓடுகிறது. தமிழாக்கிப் பார்ப்பது 'ஹாப்பி' விஷயத்தில் காலை வாரியது, இங்கே கைகொடுக்கிறது. இரண்டு மொழியும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம், இந்த இடம் எனக்குப் பிடித்தது. 'ரீடிங் த லெட்டர் க்விக்லி' என்றும் சொல்லலாம், 'த க்விக் ரீடிங் ஆஃப் த லெட்டர்' என்றும் சொல்லலாம். இரண்டிலும் 'ரீடிங்' நவுன் இடத்தில்தான் வரும். ஆனால் முதலாவது ரீடிங் நேராக 'லெட்டர்' என்ற செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்கிறது, 'க்விக்லி' என்ற அட்வெர்பையும் வைத்துக்கொள்கிறது. வெளியே நவுன், உள்ளே இன்னும் வெர்ப். இரண்டாவதோ 'த' போட்டுக்கொண்டு, 'க்விக்' என்ற அட்ஜெக்டிவ் வாங்கிக்கொண்டு, 'ஆஃப்' இல்லாமல் 'லெட்டர்' பக்கம் போகாது, முழு நவுன். தமிழில் 'கடிதத்தை வேகமாக வாசித்தல்', 'கடிதத்தின் வேகமான வாசிப்பு' என்று சொல்லிப் பாருங்கள். 'வாசித்தல்' இரண்டாம் வேற்றுமையையும் 'வேகமாக'வையும் ஏற்கிறது. 'வாசிப்பு' அவற்றை ஏற்காமல் 'கடிதத்தின்', 'வேகமான' என்று கேட்கிறது. அச்சு அசலாக அதே பிரிவு. நாம் இரண்டுக்கும் தனித்தனி விகுதி வைத்திருக்கிறோம், ஆங்கிலம் ஒரே 'இங்'கை வைத்துச் சமாளிக்கிறது.

'டு'வுக்குப் பின்னால் 'இங்' வருவது பலரை உறுத்தும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பது சரி. 'டு மீட் யூ' தப்பு. 'டு' வந்தால் மூல வினைதானே வரவேண்டும் என்று கேட்பார்கள். இரண்டு 'டு' இருக்கின்றன. ஒன்று 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் உள்ள வினையோடு ஒட்டிய 'டு'. மற்றது ப்ரெபொசிஷன், அதற்குப் பின்னால் நவுன்தான் உட்காரலாம். எது எது என்று அறிய அந்த இடத்தில் 'இட்' போடுங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, 'ஐ வான்ட் டு இட்' நிற்கவில்லை. முடிந்தது.

சொல்லின் கடைசி எழுத்துகளை வைத்து ஊகிப்பதும் பயன்படும், துணைச் சாட்சியாக. 'நெஸ்', 'இட்டி', 'ஷிப்', 'ஹுட்' என்று முடிந்தால் பெரும்பாலும் நவுன். 'மென்ட்', 'ஷன்' இரண்டையும் முழுசாக நம்பாதீர்கள்: 'இம்ப்ளிமென்ட்', 'மென்ஷன்' வெர்பாகவே அதிகம் நடமாடுகின்றன. 'எர்' விகுதி ஆளைக் குறிக்கும் என்று மனப்பாடம் செய்தவர் 'குக்கர்' என்று சமையல்காரரை எழுதிவிடுவார், அது பாத்திரம். சமைப்பவர் 'குக்', வெர்பும் அதே. 'பிக்கர்', 'ஃபாஸ்டர்' ஆளே இல்லை, ஒப்பீடு. 'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்பதும் அரை உண்மை. அட்ஜெக்டிவோடு சேர்ந்தால் அட்வெர்ப்: 'க்விக்', 'க்விக்லி'. நவுனோடு சேர்ந்தால் அட்ஜெக்டிவ்: 'ஃப்ரெண்ட்', 'ஃப்ரெண்ட்லி'.

நவுன் வடிவம் எழுதச் சொல்லும் தேர்வுக் கேள்விகளில் மதிப்பெண் போவது விகுதி தெரிந்த சொற்களில் அல்ல, விகுதிக்கு அடங்காதவற்றில். 'சூஸ்' என்பதற்கு 'சாய்ஸ்', 'லூஸ்' என்பதற்கு 'லாஸ்', 'செல்' என்பதற்கு 'சேல்', 'டை' என்பதற்கு 'டெத்', 'லாங்' என்பதற்கு 'லெங்த்'. 'டெப்த்', 'விட்த்' எழுதிய கை 'ஹை' என்பதற்கும் கடைசியில் 'டி-எச்' போடும். 'ஹைட்' 'டி'யோடு நின்றுவிடும். 'ப்ரனவுன்ஸ்' நவுன் ஆகும்போது 'ப்ரனன்சியேஷன்'. நடுவில் இருந்த 'ஓ' எழுத்து உச்சரிப்பிலும் எழுத்திலும் காணாமல் போகும். உச்சரிப்பு என்ற சொல்லையே தப்பாக உச்சரிப்பவர்கள் அதிகம் என்பது வேடிக்கைதான்.

'அட்வைஸ்' தனியாகச் சொல்லவேண்டிய சொல். நவுனுக்கு எழுத்து 'சி', சீறும் ஒலி. வெர்புக்கு எழுத்து 'எஸ்', ஆனால் ஒலி 'இசட்' போல அதிரும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்பதால் காதும் உதவாது, கையும் உதவாது. ஒரு சின்ன உபாயம்: 'ஐஸ்', அதாவது பனிக்கட்டி, ஒரு நவுன், அதே 'ஐ-சி-ஈ' கடைசியில் இருந்தால் நவுன். 'டிவைஸ்' இதே மாதிரி. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் 'ப்ராக்டிஸ்' இதே மாதிரி. அமெரிக்கர்கள் அதில் மட்டும் இரண்டுக்கும் 'சி' போட்டுக்கொள்கிறார்கள். எழுத்து மாறாமல் அழுத்தம் மட்டும் மாறும் சோடிகளும் உண்டு. 'ரெக்கார்ட்' என்று முதல் அசையை அழுத்தினால் நவுன், 'ரிக்கார்ட்' என்று இரண்டாவதை அழுத்தினால் வெர்ப். 'பர்மிட்', 'ப்ரெசென்ட்', 'இம்போர்ட்' இப்படித்தான்.

'ஸ்டோன் வால்', 'ஹிஸ்டரி டீச்சர்' போன்றவற்றில் முன்சொல் அட்ஜெக்டிவா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். வேலை அடைமொழி வேலை, ஆள் நவுன்தான். 'வெரி ஸ்டோன் வால்' என்று சொல்ல முடியாது. 'த டீச்சர் இஸ் ஹிஸ்டரி' என்று திருப்பிப் போட்டால், அந்த ஆசிரியர் கதை முடிந்தது என்று ஆகிவிடும். இப்படி முன்னால் நிற்கும் நவுன் பொதுவாக ஒருமையில் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஷூ ஷாப்', 'எ த்ரீ-அவர் ஃபிலிம்'. 'த்ரீ-அவர்ஸ் ஃபிலிம்' இல்லை.

இவ்வளவு பாகுபாடு தேர்வைத் தவிர எதற்கு என்று நினைத்தால், நீங்கள் கடைசியாக எழுதிய அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். 'வி டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ளான்' என்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 'டிஸ்கஷன்' என்ற நவுன் தானாகப் பொருளைப் பிடிக்க முடியாது, அதனால் 'அபவுட்' கேட்கிறது. 'டிஸ்கஸ்' என்ற வெர்ப் நேராகப் பிடிக்கும். 'வி டிஸ்கஸ்ட் த ப்ளான்'. நவுனுக்கு உரிய ப்ரெபொசிஷனை வெர்புக்கும் மாட்டிவிடுவதுதான் அந்தத் தப்பு. 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' தப்பு. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'எம்ஃபசைஸ் ஆன்' தப்பு. 'கோ டு அப்ராட்' தப்பாவதற்குக் காரணம் வேறு: 'அப்ராட்' நவுனே இல்லை, அட்வெர்ப். 'ஐ வென்ட் ஹோம்' என்பதிலும் 'ஹோம்' அட்வெர்ப், அதனால் 'டு' கிடையாது. 'மை ஹோம்' என்றால்தான் நவுன்.

கடைசியாக ஒரு வாக்கியத்தை மேசையில் வைத்துப் பிரிக்கலாம்: 'ஹிஸ் சடன் ரிஃப்யூசல் டு ஆன்ஸர் சிம்பிள் க்வெஸ்ச்சன்ஸ் மேட் த மீட்டிங் ஆக்வர்ட்'. எளிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல அவர் திடீரென மறுத்தது கூட்டத்தைச் சங்கடமாக்கிவிட்டது. 'ஹிஸ்' வந்ததும் ஒரு நவுனுக்குக் காத்திருக்கிறோம். 'சடன்' அது இல்லை, 'வெரி சடன்' என்று சொல்லலாமே. 'ரிஃப்யூசல்' வந்து நாற்காலியில் உட்காருகிறது. 'ஆன்ஸர்' வேறு இடத்தில் நவுன். இங்கே 'டு'வுக்குப் பின்னால் நின்று 'க்வெஸ்ச்சன்ஸ்' என்பதை நேராகப் பிடிக்கிறது, ஆகவே வெர்ப். 'க்வெஸ்ச்சன்ஸ்' பன்மை 'எஸ்'ஸோடு நவுன். 'மீட்டிங்' கடைசியில் 'இங்' இருந்தாலும் முன்னால் 'த' இருக்கிறது, 'மீட்டிங்ஸ்' என்று பன்மையும் ஆகும்: நவுன். 'ஆக்வர்ட்' தமிழில் 'சங்கடம்' என்று பெயராகத்தான் முதலில் மனதில் வரும். அதற்கு முன்னால் 'வெரி', 'மை' இரண்டையும் போட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.